வண்டியின் நீளம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று வண்டிக்கு அளவெடுத்தோம். மழை தொடங்குவதற்குள் கவர் போட்டே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். போன மழையில் கூரையின் ஒட்டு விட்டுக் கசிந்து, உள்ளே மெத்தையின் ஒரு மூலை ஊறிப்போனது. மழை முடிந்ததும் அந்த வண்டியில்தான் மூன்று மாதம் ஊர் சுற்றப் போகிறோம். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அவர் ஓய்வு பெற்ற மறுவாரம் வாங்கியது. எங்களுக்கு ஒரே மகள். அவளைப் ‘பெரியவ’ என்றும் வண்டியைச் ‘சின்னவ’ என்றும் சொல்வார்.

"சின்னவளுக்கு மழைச்சட்டை தைக்கணும். வா டீச்சர், அளவெடுக்கலாம்" என்று காலையிலேயே கூப்பிட்டார்.

கவர் தைப்பவர் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். முன் பம்பரிலிருந்து பின் ஏணி வரை நீளம், பக்கக் கண்ணாடியை மடித்து அகலம், கூரை விசிறியின் மூடியையும் சேர்த்து உயரம். இவர் டேப்பைப் பிடித்துச் சொல்ல, நான் எழுதினேன். எழுதுவது என் துறை அல்லவா? இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போட்டவள். எதிர்வீட்டில் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் காலையிலிருந்து உருண்டுகொண்டே இருந்தது.

நீளம் 666, அகலம் 215, உயரம் 290. எல்லாம் சென்டிமீட்டர்.

ஆகஸ்ட் 20, புதன்

அட்டையைக் கொடுக்கக் கிளம்பியவர் வாசலில் நின்று படித்துப் பார்த்தார்.

"அறுநூத்தி அறுவத்தாறா? அவ்வளவு எப்படி வரும்?"

"நீங்க சொன்னதுதான்."

"நான் அப்படியா சொன்னேன்?"

மறுபடி அளந்தோம். கலவை இயந்திரம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அவர் பின்னால் ஏணியருகே குனிந்து சொல்ல, முன்னால் நின்று எழுதினேன். 676.

நேற்று அறுபத்தாறு, இன்று எழுபத்தாறு. வண்டி வளர்கிறதா என்ன? இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் டேப்பை இழுத்து, உதறி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்றாவது முறை. 626.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

முப்பத்தொரு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. வண்டியின் நீளம் ஓட்டுகிறவன் முதுகுக்குத் தெரியும் என்பார். தனக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வருகிறது என்று தெரியாதவன் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து ஒரே வண்டிக்கு மூன்று நீளம்.

"எனக்கு மூணு தடவையும் இருவத்தாறுன்னு சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகு என் அட்டையைப் பார்த்தார். "ஆனா நீ எழுதியிருக்கியே. கண்ணு பாக்குறதை வாய் மாத்திச் சொல்லுது போல டீச்சர்."

என் கையெழுத்தை அவர் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. விளையாட்டுப் போலத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 23, சனி

அவருடைய அண்ணனுக்கும் எண்ணில்தான் தொடங்கியது.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன். முதலில் வீட்டு எண் மறந்தது. பிறகு தன் வயது. பிறகு தம்பியின் முகம். கடைசி நாலு வருஷம் எங்கள் பின்னறையில்தான் இருந்தார். நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். ஒருநாள் என்னைக் காட்டி, "இந்தம்மா யாரு? நல்லவங்களா இருக்காங்க. சாப்பிட்டாங்களான்னு கேளு" என்றார். இவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இன்னொரு தடவை என்னால முடியாது. இதை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். முடியாது. முடியவே முடியாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உளவாளி மாதிரி அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். வந்ததும் எங்கே போனீர்கள் என்றேன். "சொல்லிட்டுத்தானே போனேன், தபாலாபீஸுக்குன்னு" என்கிறார். சொல்லவில்லை. நான் அடுப்படியில்தான் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால்தான் செருப்பை மாட்டியிருப்பார். ஒரு வார்த்தை கிடையாது.

மதியம் மாத்திரை. எடுத்து வைக்கும்படி இரண்டு தடவை சொன்னாராம். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சொல்லாததைச் சொன்னதாக நினைப்பது. அண்ணனும் இப்படித்தான், பேசாத பேச்சுக்கெல்லாம் பதில் கேட்டுச் சண்டை போடுவார்.

பேச்சும் குறைந்துவிட்டது. பேசினாலும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறார். குக்கர் விசில் சரியாக அடிக்கவில்லை, வாஷர் மாற்றுங்கள் என்றேன். போன வாரம்தான் மாற்றினாராம். எங்கே மாற்றினார்?

ஆகஸ்ட் 28, வியாழன்

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு. அவர் கையெழுத்து.

626. அதற்குக் கீழே 626. அதற்கும் கீழே 626. எண்ணினேன். பதினொன்று. வேறு ஒரு எழுத்துகூட இல்லை.

வாஷிங் மெஷின் முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே எண்ணை எதற்காகப் பதினோரு தடவை எழுத வேண்டும்? மறந்துபோகாமல் இருப்பதற்கா? அண்ணன் தன் பெயரை இப்படித்தான் செய்தித்தாள் ஓரமெல்லாம் எழுதி எழுதிப் பார்ப்பார்.

சீட்டை அவர் மேஜையில் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். கேட்கவில்லை. கேட்டு என்ன பதில் வந்தால் நான் தாங்குவேன்?

ஆகஸ்ட் 30, சனி

கவர் தைப்பவரிடம் அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நீளத்தில் நடுவில் இருந்ததை எழுதினேன், 666. எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள்.

சாயங்காலம் மகளிடம் போனில் சொல்லிவிட்டேன். மூன்று அளவு, தபாலாபீஸ், மாத்திரை, சீட்டு, எல்லாம். அவள் ஏதோ சொன்னாள், சரியாகப் புரியவில்லை. இவளும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் அழுதுகொண்டிருக்கிறாள். "அப்பா வண்டி எடுக்காம பாத்துக்கோ அம்மா. யார் மேலயாவது ஏத்திட்டா?"

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளைக்குச் சின்னவளை டயருக்குக் காற்றடிக்கக் கொண்டுபோகப் போகிறாராம். பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

வண்டிச் சாவியை எடுத்து என் நூல் டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை தேடினார்.

முதலில் சாவி மாட்டும் ஆணியில், சட்டைப் பைகளில், மேஜை இழுப்பறையில். பிறகு கட்டிலை நகர்த்தி. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து. குப்பைக் கூடையைப் பழைய பேப்பரில் கொட்டிக் கிளறினார். நான் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். நாலைந்து தடவை தேடிய இடத்திலேயே மறுபடி தேடினார். ‘பார், தேடிய இடம்கூட ஞாபகம் இல்லை’ என்று என் மனசு சொன்னது. என் மனசா அது? நானே ஒளித்து வைத்துவிட்டு நானே மதிப்பெண் போடுகிறேன்.

இரண்டு மணிக்கு மேல் தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

தாங்க முடியவில்லை. சாவியை எடுத்துக்கொடுத்தேன். செருப்பு அலமாரியில் கிடந்தது என்று பொய் சொன்னேன்.

"செருப்பு அலமாரியிலயா? நான் எதுக்கு அங்க வைக்கப் போறேன்?"

"கைமறதியா வச்சிருப்பீங்க."

சாவியை வாங்கினார், கொஞ்ச நேரம் பிடித்திருந்தார், திரும்ப என் கையிலேயே வைத்தார்.

"இனி நீயே வச்சுக்கோ டீச்சர். நான் கேட்டாலும் குடுக்காதே."

இதற்குத்தானே ஆசைப்பட்டேன். சாவியை மறுபடி நூல் டப்பாவிலேயே போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டரிடம் போனோம். முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன். குளித்து, சலவைச் சட்டை போட்டு, எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

தேதி கேட்டார்கள். சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார்கள். சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார்கள். அழகாக வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னபோது தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரை வந்தார். அதன்பின் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வயசுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பதற்றம் தெரிகிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். அண்ணனுக்கும் முதலில் இப்படித்தான் சொன்னார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வண்டியை விற்றுவிடலாம் என்கிறாள் மகள். அவரிடமே சொல்லிவிட்டாள். "அப்படியே செய்யுங்க" என்றாராம். சண்டை போடவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கவர் தைத்து வரட்டும், மழை முடிய மூடி வைப்போம், அப்புறம் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றாராம்.

மூன்று மாதப் பயணத்துக்கு அவர் கோடு போட்டு வைத்திருந்த வரைபடம் சுவரிலிருந்து காணாமல் போயிருக்கிறது. எங்கே என்று கேட்கத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

கவர் தைப்பவர் போன் செய்தார். "அம்மா, இந்த அளவுக்குத் துணி வெட்ட எனக்கு மனசு வரலை. இதே மாடல் வண்டிக்கு ரெண்டு கவர் தைச்சிருக்கேன், ஆறே கால் மீட்டர்தான் வரும். நீங்க குடுத்த நீளத்துக்குத் தைச்சா பின்னாடி பாவாடை மாதிரி தொங்கும். காத்து புகுந்து படபடன்னு அடிச்சு, பெயின்ட்டெல்லாம் உரிஞ்சு போயிரும்." திங்கட்கிழமை அவரே வந்து அளக்கிறாராம்.

ஆறே கால். அப்படியென்றால் 626 சரி. மூன்றில் ஒன்று சரி. ஒன்றாவது சரியாகச் சொல்லியிருக்கிறாரே என்று சந்தோஷப்படவா, இரண்டைத் தப்பாகச் சொன்னாரே என்று அழவா?

செப்டம்பர் 22, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கவர் தைப்பவர் தனியாக வந்தார். இவர் தலைவலி என்று உள்ளேயே படுத்துவிட்டார். அவமானம்தான், வேறென்ன? "ஒரு கை குறையுதும்மா, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க" என்று என்னிடம் அட்டையை நீட்டினார். பின்னால் போய் ஏணியருகே டேப்பை வைத்துச் சத்தம் கொடுத்தார். நான் எழுதினேன்.

"திருப்பிச் சொல்லுங்கம்மா."

"எதுக்கு?"

"எங்க பட்டறைப் பழக்கம். எழுதுறவங்க திருப்பிச் சொன்னாத்தான் அடுத்த அளவுக்குப் போவோம். ஒரு சொல்லு மாறினா முப்பது மீட்டர் துணி பாழ்."

"அறுநூத்தி அறுவத்தாறு" என்றேன்.

"இல்லம்மா." மறுபடி சொன்னார். நான் திருத்தினேன். "எழுவத்தாறு?"

"இல்லம்மா!"

அவருக்குமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். இந்த வண்டியைத் தொடுகிறவர்கள் எல்லாருக்குமா?

அவர் டேப்பில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே என்னிடம் நடந்து வந்து காட்டினார். 626. "இருவத்தாறும்மா. இருவது, ஆறு. நான் சொன்னது அதுதான்."

இருவது. அறுவது. எழுவது. மூன்றுக்கும் வால் ஒன்று, தலை மட்டும்தான் வேறு. அந்தத் தலைதான் எனக்குக் கேட்கவில்லை. வாலைக் கேட்டுவிட்டுத் தலையை நானே ஒட்டியிருக்கிறேன்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் அவர். "இந்தப் பக்கமா நின்னு பேசினா ஒழுங்காப் பதில் சொல்றீங்க. அந்தப் பக்கம் நின்னா ஆங், ஆங்குறீங்க. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஒரு காது அணைஞ்சு போச்சு. அவளுக்கே ஒரு வருஷம் தெரியலை."

அவர் போனதும் அலாரம் கடிகாரத்தை எடுத்து இடது காதில் வைத்தேன். டிக் டிக். வலது காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. ஓடாத கடிகாரம் போல.

தபாலாபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாத்திரை எடுத்து வை என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். குக்கர் விசில் ஒழுங்காகத்தான் அடிக்கிறது. மகள் எப்போதும்போலத்தான் பேசுகிறாள், போனை வலது காதில் வைத்துக் கேட்டது நான்தான். அந்தச் சீட்டு... யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய்ப் பதினோரு தடவை அளந்திருக்கிறார். பதினொன்றும் சரி. பதினொன்றும் சரியாக இருந்தும் என்னைத்தான் நம்பினார், தன்னை நம்பவில்லை.

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

காது டாக்டர். வீட்டில் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் தனியாகப் போனேன். வலது காதின் நரம்பு செத்துவிட்டதாம். நாலைந்து மாதம் ஆகியிருக்கலாம். அப்போது ஜலதோஷத்தோடு காது அடைத்துக்கொண்டது. தானாகச் சரியாகும் என்று விட்டேன். முதல் வாரமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். ஸ்கேனில் கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. இடது காது நன்றாக இருக்கிறது.

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது எனக்குக் காதைப் பற்றிப் பயம் வரவில்லை. சாவியைப் பற்றித்தான் பயம். காதைப் பற்றிச் சொல்லிவிடலாம். சாவியை எப்படிச் சொல்வேன்?

சொல்லாமல் விட்டால் என்ன? அவருக்குத் தெரியவா போகிறது? ஒரு தடவை கைமறதி, போகட்டும் என்று விட்டுவிடுவாரே.

விடமாட்டார். அந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டே காலமெல்லாம் தன்னைச் சந்தேகப்படுவார்.

செப்டம்பர் 25, வியாழன்

சொல்லிவிட்டேன். இரண்டையும்.

காதைச் சொன்னபோது முதலில் பதறினார், பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "சொல்வதெழுதுதல்ல டீச்சர் பெயிலு! பெரியவளுக்குப் போன் பண்ணு, நான் சொல்லணும்!" அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ஒரு மாதம் இருக்கும்.

அப்போது சாவியைச் சொன்னேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. "அஞ்சு மணி நேரம் தேடினேனே" என்றார். "நீ காய் நறுக்கிட்டு இருந்தே."

எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 27, சனி

பேச்சில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார். அவர் பேசவில்லையா, பேசி எனக்குக் கேட்கவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. அவர் எந்தப் பக்கம் நடந்தாலும் இடது காதைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கிறது. இல்லை, பேசவில்லைதான்.

இப்படியே விட்டுவிடுவாரோ? நாற்பது வருஷத்தில் என்னிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்ததில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து இடது பக்கம் உட்கார்ந்தார். பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நாற்காலியில உக்காந்து என்ன முணுமுணுத்தேன் தெரியுமா? என் பேரு. உன் பேரு. பெரியவ பேரு. சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அண்ணன் மாதிரி ஆயிருவோம்னு அண்ணன் போன நாள்லேருந்தே எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். உன்கிட்ட சொல்லலை."

"நானும் சொல்லலை."

"அதுதான். ரெண்டு பேரும் பயத்தை ஒளிச்சு வச்சோம். நீ கூடுதலா சாவியையும் ஒளிச்சு வச்சே."

மன்னிப்புக் கேட்டேன். கோபம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார்.

அக்டோபர் 10, வெள்ளி

கவர் வந்தது. கச்சிதம். ஏணியின் புடைப்புக்குக்கூட இடம் விட்டுத் தைத்திருக்கிறார். முதல் மழையும் இன்றே.

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்டது. கவரைக் கழற்றினோம். மெத்தை உலர்ந்தே இருந்தது. நூல் டப்பாவிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். கேட் வரை வந்தார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"பின்னாடி எவ்வளவு வருதுன்னு தெரியலை" என்றார். "முதுகு சொல்ல மாட்டேங்குது."

அறுநூற்று இருபத்தாறுங்க, அறுநூற்று இருபத்தாறுதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவருக்கு அது தெரியாதா? பதினோரு தடவை எழுதிய கை. அந்த எண் அவரை விட்டுப் போகவில்லை, நம்பிக்கைதான் போய்விட்டது. அதை அவரிடமிருந்து எடுத்தவள் நான்.

டிசம்பர் 3, புதன்

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு லைசென்ஸ் உண்டு, பள்ளிக்கூடத்துக்குச் சின்ன கார் ஓட்டிப் போனவள்தானே. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காது டாக்டரிடம் கேட்டேன். வலப்பக்கக் கண்ணாடியை இரண்டு மடங்கு பார்க்கச் சொல்லி அனுமதித்தார்.

வாய்தான் பேசியது. லைசென்ஸின் காலாவதித் தேதியை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாலு நாள் பழகியாயிற்று. நான் வலப்பக்கம் ஓட்ட, அவர் இடப்பக்கம். நல்ல காது அவர் பக்கம் என்பதால் ஒரு வசவும் வீணாகவில்லை. "கிளட்சை மிதிக்காதே, அமுத்து." "அது கியர், கரும்பலகை இல்லை." காலியான திடலிலேயே இரண்டு தடவை அழப்பார்த்தேன்.

மகள் ஸ்பீக்கரில், "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். எனக்கும் தெரியவில்லை. வியாழன் கிளம்புகிறோம். வரைபடம் மறுபடி சுவருக்கு வரவில்லை, அவர் மடியில் இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

மூன்றாம் நாள். ஓர் அணைக்குக் கீழே வண்டி நிற்கிறது. உள் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு நாளும் நான்தான் ஓட்டினேன். இன்று மத்தியானம் ஒரு மலை ஏற்றம். பாதியில் எதிரே ஒரு லாரி. ஒதுங்க இடமில்லை, பின்னால் பள்ளம். பிரேக்கை மிதித்துவிட்டு உறைந்துபோனேன். பிரேக்கை முழுசாக மிதிக்கவில்லை போல, வண்டி மெல்லப் பின்னால் நழுவுவது தெரிந்தது. கை பிரேக் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. செத்தோம் என்று நினைத்தேன்.

அவர் கை குறுக்கே வந்து கை பிரேக்கைச் சடாரென இழுத்தது. "இறங்கு" என்றார். இறங்கினேன். அவர் என் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஒரு தரம் பார்த்து, ஒரே வளைப்பில் வண்டியைப் பின்னால் இறக்கிப் பாறை ஓரம் ஒதுக்கினார். லாரி ஒரு சாண் இடைவெளியில் போனது. நான் வெளியே நின்று பார்த்தேன். பின் ஏணிக்கும் பாறைக்கும் நடுவே என் உள்ளங்கை அளவு இடம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பின் அவர்தான் ஓட்டினார், நாற்பது கிலோமீட்டர். அவர் பேசிக்கொண்டே வந்தார் போல. அவர் பக்கம் இருந்தது என் வலது காது, போதாததற்கு இன்ஜின் சத்தம். உதடு அசைவதைப் பார்த்தேன். ஒரு தடவை எதையோ கை காட்டினார். இரண்டு தடவை தானே சிரித்துக்கொண்டார். என்னவென்று நான் கேட்கவில்லை. ஓட்டுகிறவரை என் பக்கம் திரும்ப வைக்கப் பயம்.

இங்கே வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, என் இடது காதருகே நின்றார்.

"முதல்லேருந்து சொல்றேன், கேளு" என்றார். அந்தப் பாறையில் தொடங்கி, இரண்டு பாலம், எரிந்துபோன ஒரு மரம், வேலியில் சிக்கிய ஆடு, தப்பான திருப்பம் ஒன்று என்று, நாற்பது கிலோமீட்டரையும் வரிசை மாறாமல் சொல்லி முடித்தார்.